ரோமக் காசை வாசிப்பது எப்படி

ரோமக் காசு, அரசன் தன்னைப் பற்றிச் சொல்ல நினைத்ததை மட்டுமே சொல்லும். வென்றவன் யார், அடுத்த வாரிசு யார், எந்த நாடு மண்டியிட்டது என்பதெல்லாம் அதில் இருக்கும். செத்தவர் கணக்கு இருக்காது. அதனால் வாசிப்பை இரண்டு கட்டமாகச் செய்ய வேண்டும். முதலில் காசு சொல்வதை ஓர் எழுத்து விடாமல் கேட்டுக்கொள்வது. பிறகு, அதை வைத்து மக்கள் என்ன வாங்கினார்கள், அதன் மேல் யார் யார் கைவைத்தார்கள் என்று பார்ப்பது. இரண்டாவதற்குப் போகும் அவசரத்தில் முதலாவதைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள்.

இதைப் பழக இத்தாலிக்குப் போக வேண்டியதில்லை. கோவை, கரூர், புதுக்கோட்டை வட்டாரங்களில் ரோமக் காசுகள் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் தொகுப்பு பெரியது. அங்கே கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலும் கீழே சொல்வதில் பாதியைச் செய்துவிடலாம்.

கையில் எடுக்கும் முன்

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் தராசு, வெர்னியர் அளவி, ஒரு சின்ன டார்ச். இவை போதும். காசை விளிம்பில் பிடியுங்கள்; விரல் ரேகையின் உப்பு வெள்ளியையும் செம்பையும் கறுக்கச் செய்யும்.

தேய்க்காதீர்கள். புளி, எலுமிச்சை, சாம்பல், பல்பொடி எதுவும் வேண்டாம். செம்புக் காசில் எழுத்தின் விளிம்பு பல நேரம் அந்தப் பச்சைப் படலத்தில்தான் மிஞ்சியிருக்கும். படலம் போனால் எழுத்தும் போயிற்று. மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் ஒற்றி எடுக்கலாம். வெளிர்பச்சையாகப் பொடி உதிர்ந்தால் அது அரிப்பு நோய்; அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து ஈரம் படாமல் வைத்துவிட்டு, பாதுகாப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுக்க வேண்டும்.

டார்ச்சை நேர்மேலே பிடித்தால் தேய்ந்த எழுத்து தெரியாது. மேசை மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, காசை மெதுவாகச் சுழற்றுங்கள். ஒரு திசையில் இல்லாத எழுத்து மறு திசையில் எழுந்து நிற்கும்.

உலோகமும் எடையும்

ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்துக் கணக்கு இது: தங்க ஔரியஸ் 1 = வெள்ளித் தெனாரியஸ் 25. தெனாரியஸ் 1 = செஸ்டெர்ஷியஸ் 4 = ஆஸ் 16. இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பின்னால் எல்லாவற்றுக்கும் தேவைப்படும்.

ஔரியஸ் அகஸ்டஸ் காலத்தில் ஏறத்தாழ 7.8 கிராம், தெனாரியஸ் 3.8 கிராம் அளவு. பின்னால் வந்த அரசன் நீரோ கி.பி. 64ஆம் ஆண்டில் இரண்டையும் குறைத்தான்: ஔரியஸ் சுமார் 7.3, தெனாரியஸ் சுமார் 3.4. வெள்ளியின் தரத்தையும் இறக்கினான். தென்னிந்தியப் புதையல்களில் வெள்ளி என்றால் பெரும்பாலும் அகஸ்டஸ், அவருக்கு அடுத்து வந்த திபேரியஸ் காசுகளாகவே இருப்பதைப் புரிந்துகொள்ள இந்தக் குறைப்பு உதவும். நல்ல வெள்ளி எது என்று இங்கிருந்த வணிகர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

செஸ்டெர்ஷியஸ் பித்தளையில் அடித்த பெரிய காசு. 25 கிராம் வரை இருக்கும், குறுக்களவு 30 மில்லிமீட்டரைத் தாண்டும். துபோண்டியஸும் (2 ஆஸ் மதிப்பு) ஆஸும் அளவில் ஏறத்தாழ ஒன்றுபோல இருப்பதால் குழப்பும். துபோண்டியஸ் மஞ்சள் பித்தளை, ஆஸ் சிவந்த செம்பு. நிறம் தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தால் தலையைப் பாருங்கள்: நீரோ காலத்திலிருந்து துபோண்டியஸில் பெரும்பாலும் கதிர்கள் நீட்டிய கிரீடம் இருக்கும்.

எடையை மட்டும் வைத்துக் காலம் சொல்லக் கூடாது. நூறாண்டு கைமாறித் தேய்ந்த அகஸ்டஸ் தெனாரியஸ் நீரோவின் புதுக் காசு எடைக்கு இறங்கியிருக்கும். மிகக் குறைவாக, 3 கிராமுக்கும் கீழே வந்து, விளிம்பில் வெள்ளித்தோல் உரிந்து உள்ளே செம்பு தெரிந்தால், அது அந்தக் காலத்திலேயே செய்த முலாம் காசாக இருக்கலாம். அதை ஒதுக்காதீர்கள், அதுவும் ரோமச் சந்தையில் புழங்கியதுதான்.

எழுத்து

தலைப்பக்கத்தில் லத்தீன் எழுத்து பெரும்பாலும் கீழே இடப்புறத்தில் தொடங்கிக் கடிகார முள் சுற்றும் திசையில் ஓடும். எல்லாக் காசிலும் அப்படி இல்லை; ஆகவே முதலில் பெயரையோ பட்டத்தையோ கண்டுபிடித்து அங்கிருந்து சுற்றுங்கள். சொற்களுக்கிடையே இடைவெளி இருக்காது அல்லது ஒரு புள்ளி மட்டும் இருக்கும். ‘யு’ வர வேண்டிய இடத்தில் ‘வி’ இருக்கும். பெயர்கள் சுருங்கியிருக்கும். புள்ளி வைக்காத ஓலைச்சுவடியை இடம் பார்த்து வாசிப்பதுபோல்தான் இதையும் வாசிக்க வேண்டும்: அடுத்து என்ன வரும் என்று தெரிந்தவருக்கு எழுத்து தெரியும்.

அடுத்து வருபவை பெரும்பாலும் ஒரு சிறு தொகுதிதான். ‘ஐஎம்பி’ என்பது இம்பெராட்டர், வென்ற தளபதிக்கான பட்டம். பெயருக்கு முன்னால் வந்தால் அது பெயரின் பகுதி. பின்னால் ஓர் எண்ணோடு வந்தால், வெற்றிக்குப் பின் படை அவனை அந்தப் பட்டம் சொல்லி ஆர்ப்பரித்தது எத்தனையாவது முறை என்ற கணக்கு. ‘பி எம்’ தலைமைப் பூசாரி. ‘சிஓஎஸ்’ ரோமின் உயர்ந்த ஆண்டுப் பதவியான கான்சல், எத்தனையாவது முறை என்ற எண்ணோடு. ‘பி பி’ நாட்டின் தந்தை. ‘திவி எஃப்’ தெய்வமாக்கப்பட்டவரின் மகன். செம்பு, பித்தளைக் காசுகளின் பின்பக்கம் பெரிதாக ‘எஸ் சி’ என்று இருந்தால் செனட்டின் ஆணைப்படி.

காலம் சொல்வதற்கு இவற்றில் எல்லாம் முக்கியமானது ‘டிஆர் பி’, அதாவது டிரிப்யூன் அதிகாரம். சாமானியரைப் பிரபுக்களிடமிருந்து காக்க ஏற்பட்ட பதவி டிரிப்யூன். அவர்மேல் கைவைப்பது தெய்வக் குற்றம், எந்த முடிவையும் தடுக்க அவரால் முடியும். அகஸ்டஸ் கி.மு. 23இல் அந்தப் பதவியை ஏற்காமல் அதன் அதிகாரத்தை மட்டும் தனக்கு எடுத்துக்கொண்டார். மக்களின் கேடயம் அரசனின் கவசமானது இப்படித்தான். அதிகாரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட்டதால் பக்கத்தில் உள்ள எண், அந்த அதிகாரத்தின் எத்தனையாவது ஆண்டு என்று நமக்குக் காட்டுகிறது. ஒன்று நினைவிருக்கட்டும்: நான்கை நான்கு நேர்கோடுகளாகவே எழுதுவது வழக்கம். மூன்று கோடு தெளிவாக இருந்து அடுத்த இடம் தேய்ந்திருந்தால் ‘3 அல்லது 4’ என்று எழுதுங்கள்.

ஒரு காசை முழுதாக எடுத்துக்கொள்வோம். தங்க ஔரியஸ். தலைப்பக்கம்: ‘டிஐ கிளாவ்ட் சீசர் ஆவ்க், பி எம், டிஆர் பி 6, ஐஎம்பி 11’. பின்பக்கம் ஒரு வளைவு வாயில். மேலே குதிரை வீரன் சிலை, இரு பக்கமும் வெற்றிச் சின்னங்கள். வளைவின் நெற்றியில் ‘டெ பிரிட்டன்’, பிரிட்டானியரை வென்றது.

முதல் தவறு இங்கேயே நடக்கும். ‘டிஐ’ என்று பார்த்ததும் திபேரியஸ் என்று முடிவு கட்டிவிடுவார்கள். பின்னால் வந்த அரசன் கிளாடியஸின் முதற்பெயரும் திபேரியஸ்தான். ‘கிளாவ்ட்’ வரும் வரை பொறுத்திருக்க வேண்டும். கிளாடியஸின் டிரிப்யூன் அதிகாரம் 41ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் தொடங்கியது; ஆறாவது என்றால் 46 ஜனவரி முதல் 47 ஜனவரி வரை. பிரிட்டன் படையெடுப்பு 43இல். ஆக, போர் தொடங்கி மூன்று ஆண்டு கழித்தும் அதைச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டிய தேவை இருந்திருக்கிறது.

இரண்டாவது தவறு, வாயிலைப் புகைப்படம்போல் எடுத்துக்கொள்வது. ரோமில் அந்த வாயில் 51ஆம் ஆண்டு வாக்கில்தான் அர்ப்பணிக்கப்பட்டது. காசு முதலில் வந்தது, கட்டடம் பின்னால்.

இல்லாததையும் கவனியுங்கள். அகஸ்டஸும் திபேரியஸும் ‘தெய்வத்தின் மகன்’ என்று போட்டுக்கொண்டார்கள். கிளாடியஸ் காசில் அது இல்லை. அவர் யாருக்கும் தத்துப்பிள்ளை இல்லை. முந்தைய அரசன் காலிகுலாவை மெய்க்காவல் படையைச் சேர்ந்தவர்கள் வெட்டிக் கொன்ற அன்று, அந்தப் படையே இவரைத் தங்கள் முகாமுக்குத் தூக்கிப்போய் அரசனாக்கியது. வீரர் ஒவ்வொருவருக்கும் 15,000 செஸ்டெர்ஷியஸ் தருவதாக வாக்கு. இதை அவர் மறைக்கவும் இல்லை: மெய்க்காவல் படை முகாமின் மதிலையே பின்பக்கம் பொறித்து, ‘இம்பெர் ரெசெப்ட்’ என்று, முகாம் அரசனை ஏற்றுக்கொண்டதாக எழுதிய காசும் அவருடையதுதான். யார் தயவில் ஆட்சி என்பதை இவ்வளவு பச்சையாகச் சொன்ன காசு அதற்கு முன் ரோமில் வந்ததில்லை என்று நினைக்கிறோம்.

மூன்றாவது தவறு, பெயர் ஒன்றாக இருப்பதால் வருவது. ‘அன்டோனினஸ்’ என்று மட்டும் தெரிந்தால் அது அன்டோனினஸ் பயஸ், மார்கஸ் அவுரேலியஸ், காரகல்லா, எலகாபாலஸ் என்று பலரில் யாராகவும் இருக்கலாம். தாடி, வயது, மற்ற பட்டங்கள் எல்லாம் சேர்ந்துதான் ஆளைச் சொல்லும்.

இங்கே அதிகம் பார்க்கக்கூடிய இரண்டு

முதலாவது அகஸ்டஸின் வெள்ளி. பின்பக்கம் இரண்டு இளைஞர்கள் நிற்பார்கள்; நடுவில் இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும், மேலே பூசைக் கருவிகள். அவர்கள் காயஸும் லூசியஸும்: அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள், பின்பு அவரே தத்தெடுத்த மகன்கள். எழுத்து அவர்களை வருங்காலக் கான்சல்கள் என்றும் இளைஞர் தலைவர்கள் என்றும் சொல்கிறது. குதிரைவீரர் வகுப்பார் அவர்களுக்குப் பரிசளித்த வெள்ளிக் கேடயமும் ஈட்டியும்தான் படத்தில் இருப்பவை. தலைப்பக்கத்தில் ‘நாட்டின் தந்தை’ என்று இருப்பதால், அந்தப் பட்டம் வந்த கி.மு. 2க்கு முந்தியதாக இந்தக் காசு இருக்க முடியாது. லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் 4இலும் இறந்துபோனார்கள். வாரிசு என்று உலகுக்கு அறிவித்த இருவரும் ஆட்சிக்கு வரவேயில்லை. காசு மட்டும் இந்தியா வரை வந்து சேர்ந்தது.

இரண்டாவது திபேரியஸ். பின்பக்கம் செங்கோலும் கிளையும் ஏந்தி உட்கார்ந்த பெண், ‘பொன்டிஃப் மாக்சிம்’ என்ற எழுத்து. அந்தப் பெண் திபேரியஸின் தாய் லிவியா என்று பல அட்டவணைகள் எழுதும். காசில் அவள் பெயர் இல்லை. உங்கள் குறிப்பில் ‘உட்கார்ந்த பெண், லிவியா எனக் கருதப்படுபவர்’ என்றே எழுதுங்கள்.

பின்பக்கத்தின் வன்முறை

ரோமின் ஆட்சியில் இருந்த யூதர்களின் நாடான யூதேயாவில் கிளர்ச்சி 66இல் தொடங்கி, 70இல் ஜெருசலேம் விழுந்தது. அதன்பின் அரசன் வெஸ்பாசியன் அடித்த காசுகளில் ஈச்சமரத்தடியில் தலைகவிழ்ந்து ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். சிலவற்றில் மறுபக்கம் கைகட்டப்பட்ட ஆண். எழுத்து: ‘யூதேயா காப்டா’, யூதேயா பிடிபட்டது. தனி ஒருத்தியைக் காட்டுவதல்ல அந்தப் படம். ஒரு நாட்டையே அழுகிற பெண்ணாக வரைவது ரோமரின் வழக்கம். பின்வந்த அரசன் டிரேஜன் டேசியாவை (இன்றைய ருமேனியப் பகுதி) அடக்கியபோதும் இதே கோலம் திரும்ப வந்தது. பெண் உருவத்தைக் கண்டால் முதலில் கேட்க வேண்டியது, அவள் நிற்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, தரையில் கிடக்கிறாளா என்பது. நிற்பவள் பெரும்பாலும் ஒரு நற்பண்பின் தெய்வம். தரையில் இருப்பவள் பெரும்பாலும் தோற்ற நாடு.

இந்தக் காசின் தொடர்ச்சி 96இல் அரசன் நெர்வா அடித்த செஸ்டெர்ஷியஸில் இருக்கிறது. ஜெருசலேம் விழுந்தபின், அங்கிருந்த கோயிலுக்கு யூதர்கள் ஆண்டுதோறும் கொடுத்துவந்த தொகையை ரோமின் யூபிடர் கோயிலுக்குக் கட்டச் சொன்னார்கள்: தலைக்கு 2 தெனாரியஸ், பெண்களும் குழந்தைகளும் உட்பட. நெர்வாவின் காசு ‘யூத வரியின் அவதூறு நீக்கப்பட்டது’ என்கிறது. அவசரமாக வாசிப்பவர் வரியே நீங்கியது என்று எழுதிவிடுவார். நீங்கியது பொய்க் குற்றச்சாட்டு வைத்து வரி பிடுங்கும் முறைகேடுதான். வரி தொடர்ந்தது.

அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது

அகஸ்டஸ் காலத்தில் சாதாரணப் படைவீரனுக்கு ஆண்டுக்கு 225 தெனாரியஸ், அதாவது 9 ஔரியஸ். நாளொன்றுக்கு 10 ஆஸ். 14ஆம் ஆண்டு டான்யூப் எல்லையில் உள்ள பன்னோனியாவில் கலகம் செய்த வீரர்கள் இதைத்தான் எடுத்துச் சொன்னார்கள்: உடலுக்கும் உயிருக்கும் பத்து ஆஸ் விலை, அதிலேயே உடை, ஆயுதம், கூடாரம், அதிலேயே நூற்றுவர் தலைவனின் அடியிலிருந்து தப்ப லஞ்சம். லூசிலியஸ் என்ற தலைவனுக்கு ‘இன்னொன்று கொண்டா’ என்று பட்டப்பெயர். திராட்சைக் கொடித்தடி வீரன் முதுகில் உடைந்ததும் அப்படிக் கத்துவானாம். கலகத்தில் அவனைக் கொன்றார்கள். இந்த 225ஐ வைத்து கிளாடியஸின் 15,000 செஸ்டெர்ஷியஸைப் பாருங்கள்: 3,750 தெனாரியஸ். எல்லையில் நிற்பவனின் பதினாறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல், ரோமில் அரண்மனை வாசலில் நின்றவனுக்கு ஒரே நாளில்.

சில்லறைக்கு என்ன கிடைத்தது? பொது நீராடுமிடத்தில் நுழைய குவாட்ரன்ஸ் ஒன்று, கால் ஆஸ். எரிமலையில் புதைந்த பாம்பெயி நகரின் மதுக்கடைச் சுவரில் எழுதியிருந்தபடி, குடிக்க 1 ஆஸ், நல்லது வேண்டுமானால் 2, ஃபலெர்னியன் மது வேண்டுமானால் 4. இத்தாலியின் ஈசெர்னியாவில் ஒரு கல்லில் விடுதிக் கணக்கே பொறித்திருக்கிறது: மதுவும் ரொட்டியும் 1 ஆஸ், தொடுகறி 2, பெண்ணுக்கு 8, கோவேறு கழுதைக்கு வைக்கோல் 2. மொத்தம் 13, ஒரு தெனாரியஸில் இன்னும் 3 மிச்சம். அவள் அடிமையாக இருந்திருந்தால், அந்த 8 ஆஸ் யார் கைக்குப் போகும் என்பதை விடுதிக்காரர்தான் முடிவு செய்திருப்பார்.

லண்டனில் கிடைத்த மரப்பலகை ஒன்று ஃபார்ச்சுனாட்டா என்ற பெண்ணின் விற்பனைப் பத்திரம். விலை 600 தெனாரியஸ்; வாங்கியவன் வெஜிடஸ், அவனே அரசனுடைய அடிமை ஒருவனின் அடிமை. 600 என்றால் 24 ஔரியஸ். உங்கள் உள்ளங்கையில் அடங்கிவிடும்.

மற்றவர்கள் கைவைத்த இடங்கள்

கீறலையும் வெட்டையும் சேதம் என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். எங்கே இருக்கிறது, எந்தக் கருவி, எத்தனை ஆழம் என்று பாருங்கள். விளிம்பில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் உள்ளே செம்பா என்று பார்த்த சோதனை. சின்னச் சின்ன முத்திரைக் குழிகள், காசு மாற்றுவோர் இட்ட குறிகளாக இருக்கலாம். நீரோ வீழ்ந்த 68இல் சில காசுகளில் அவன் கழுத்தின் குறுக்கே ‘எஸ் பி கியூ ஆர்’, செனட்டும் ரோம மக்களும், என்று குத்தினார்கள். அரசன் காரகல்லா 211இல் தம்பி கேட்டாவைக் கொன்று பெயரையும் அழிக்கச் சொன்னபின், கிழக்கு நகரங்களின் இருமுகக் காசுகள் சிலவற்றில் கேட்டாவின் முகம் இருந்த இடம் மட்டும் மழுங்கச் சுரண்டப்பட்டது.

புதுக்கோட்டை வட்டாரத்தில் கருக்காக்குறிச்சியில் 1898இல் கிடைத்த 501 ஔரியஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அரசன் முகத்தின் குறுக்கே உளி வெட்டு. அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலான முகங்கள். வெட்டு முகத்தையே குறிவைத்திருப்பதால், காசை மறுபடி காசாகப் புழங்கவிடாமல் வெறும் பொன்னாக்கவே செய்தார்கள் என்பது எங்களுக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம். அந்தப் பொன் ஒரு ரோமப் படைவீரனின் 55 ஆண்டுச் சம்பளம். தலைக்கு மேல் இரட்டைத் துளை போட்ட காசுகளும் இந்தியாவில் உண்டு. அவை கழுத்தில் தொங்கியவை.

கரூரில் அமராவதி ஆற்றுப் படுகையிலும் மதுரையிலும் இலங்கையிலும் கிடைக்கும் பொடிச் செம்புக் காசுகள் வேறு வகை: 4, 5ஆம் நூற்றாண்டு, ஒன்றிரண்டு கிராம். இவற்றில் எழுத்தைத் தேடி நேரத்தை வீணாக்காமல் படத்தில் தொடங்குங்கள். குதிரையிலிருந்து சரிபவனை வீரன் ஈட்டியால் குத்தினால் பெரும்பாலும் இரண்டாம் கான்ஸ்டான்டியஸ் காலம். வெற்றித் தேவதை கைதியை இழுத்துக்கொண்டு நடந்தால் 383க்குப் பிறகு. உள்ளூரில் அடித்த போலிக் காசுகளும் கலந்திருக்கும் என்பதால் எழுத்து கோணலாக இருப்பதை மட்டும் வைத்துத் தள்ளிவிட வேண்டாம்.

கள்ளக் காசும் சட்டமும்

விளிம்பைச் சுற்றி ஒட்டுக்கோடு, சோப்பு வழுவழுப்பான பரப்பு, லென்ஸில் தெரியும் குமிழ்க்குழிகள்: இவை வார்த்துச் செய்த நகல். ரோமில் காசை அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்தார்கள். இரண்டு காசு ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இருக்க வழியில்லை. இரண்டு குத்துவாளும் நடுவில் விடுதலையான அடிமை அணியும் தொப்பியும் கொண்ட புரூட்டஸின் காசு, சீசரைக் கொன்றதைக் கொண்டாடியது, யாராவது மலிவாகக் காட்டினால் நகல் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

மண்ணில் கிடைத்த காசு என்றால், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். பழம்பொருளைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதை 1972ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கிடைத்த இடம், ஆழம், கூடவே என்ன கிடைத்தது, பானையிலா வெறும் மண்ணிலா என்பதை அன்றே எழுதிவிடுங்கள். பிரித்து விற்ற புதையலை மறுபடி ஒன்றுசேர்க்க வழியே இல்லை.

குறிப்பு எழுதும் வரிசை: உலோகம், எடை, குறுக்களவு. முன்பக்கத் தலையை நேராக வைத்துப் பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்க உருவத்தின் தலை எந்த மணித் திசையில் இருக்கிறது. பிறகு இரு பக்க எழுத்தும்: கண்ணுக்குத் தெரிந்தது அப்படியே, நீங்கள் ஊகித்து நிரப்பியது சதுர அடைப்புக்குறிக்குள். படம், வெட்டு, துளை. அரசன் பெயரைக் கடைசியில் எழுதுங்கள்; முதலில் எழுதினால், காணாத எழுத்தையும் கண் அந்தப் பெயருக்கு ஏற்றபடி கண்டுவிடும்.